சுட்ட ரப்பரும் ஒட்டின ரப்பரும்

கிருபாகரனுக்கு ஆறிப்போன எதைக் கண்டாலும் ஆகாது. டீ ஆறியிருந்தால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே சாக்கடையில் ஊற்றிவிட்டு, "இன்னா அண்ணாத்த, இத்த எந்தக் கிறிஸ்துமஸுக்குப் போட்ட?" என்று கேட்பார். பழைய சோறு சீக்காளிக்கு. ஐஸ்கிரீம் பல் இல்லாதவனுக்கு. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஆறியிருந்தால், மாப்பிள்ளை வீட்டாரின் குணம் சரியில்லை என்று இலையை மூடுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"செங்கல்லு வெந்தது. சோறு வெந்தது. மனுசன்கூட வெந்தாதான் மனுசன்" என்பது அவர் கொள்கை.

"அப்ப மே மாசத்துல செங்கல்பட்டுல கீற அல்லாரும் மனுசங்கதான்" என்று அடுப்படியிலிருந்து சாராள் சொல்வாள். கட்டின மனைவி அந்தக் கொள்கைக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கொள்கையால்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுராந்தகத்தில், தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் போடும் கடையில் கிருபாகரன் வேலைக்குச் சேர்ந்தார். மாவு போலக் குழைகிற பச்சை ரப்பர் நீராவியில் வெந்து, பழைய டயரோடு ஓருடலாகிப்போவதை அங்கேதான் முதலில் பார்த்தார். அவருக்கு ஞானம் பிறந்தது. கூட வேலை செய்தவர்களுக்கு இருமல்தான் பிறந்தது.

அதே ஊரில் ஓர் அரிசி ஆலை மூடப்பட்டபோது, காலமெல்லாம் நெல் அவித்த பாய்லரை வாங்கிவந்து, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். பக்கத்தில் ஒரு பெரிய இரும்புக் கூடு. ஓர் ஆள் குனியாமல் உள்ளே நடக்கலாம். சுற்றிலும் போல்ட் போட்டு மூடுகிற கனத்த கதவு. அதற்கு அவர் வைத்த பெயர் 'சட்டி'. சட்டி கொதிக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தப் பக்கத்துத் தெரு முழுக்க அவரை அன்போடு நினைத்துக்கொள்ளும்.

சட்டியில் வெந்தவை டிரம்கள். செங்கல்பட்டைச் சுற்றி மலைகளை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர்கள் நிறைய. ஜல்லியைத் தூக்கிப்போகிற கன்வேயர் பெல்ட்டை இழுப்பது அதன் தலைமாட்டில் சுற்றும் இரும்பு டிரம்தான். வெறும் இரும்பாக இருந்தால் மழைக்காலத்தில் ஈரப் பெல்ட் அதன்மேல் வழுக்கும். டிரம் மட்டும் சுற்றும், ஜல்லி நின்ற இடத்தில் நிற்கும். அதனால் டிரம்முக்கு ரப்பர் சட்டை போடவேண்டும். கிருபாகரன் டிரம்மைக் கழற்றி வரச்சொல்வார். மணலைப் பீய்ச்சி அடித்து இரும்பை வெள்ளையாக்குவார். ஒட்டு மருந்து பூசி, பச்சை ரப்பரைச் சுற்றி, அதன்மேல் ஈரத்துணி நாடாவை இழுத்து இழுத்துக் கட்டி, சட்டிக்குள் தள்ளிக் கதவை மூடுவார். வெந்து வந்ததும் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கோடு போடுவார். அப்புறம் அந்த ரப்பரை உரிக்க உளிதான் வேண்டும்.

மணல் அடித்த இரும்பை யாராவது விரலால் தொட்டுவிட்டால் போதும். "கைல கீற எண்ணெ மொத்தமும் அதுல எறங்கிடும்டா. எண்ணெ பட்ட எடத்துல ஒட்டுமா? தொட்ட கைய ஒடிச்சிச் சட்டில போட்டு வேக வெச்சிருவேன்" என்பார். அந்தக் கொட்டகையில் வேலை செய்தவர்கள் சோறு தின்னப் போகும்போதுகூடக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

இப்படி ஒரு தீர்க்கதரிசி செங்கல்பட்டில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தபோது, சாராளின் தம்பி மோசஸ் பூனாவில் பயிற்சி முடித்து வந்து இறங்கினான்.

பயிற்சி என்னவோ சில வாரம்தான். அதற்குள் மோசஸ் முழுக்கை சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் 'புரொசீஜர்' என்ற ஒரு வார்த்தை என்று மாறிவந்திருந்தான். வண்டியில் முன்னால் இரண்டு டப்பா இருக்கும். ஒன்றில் கோந்து, இன்னொன்றில் அதைக் கெட்டியாக்குகிற மருந்து. முன்னமே வெந்து தயாரான ரப்பர் தகட்டை இந்தக் கலவையால் டிரம்மில் ஒட்டி, உருளைக்கட்டை போன்ற ஒன்றால் தேய்த்து, சுத்தியால் தட்டினால் முடிந்தது. பாய்லர் வேண்டாம், சட்டி வேண்டாம். டிரம்மைக் கழற்றவே வேண்டாம்; அது நிற்கிற இடத்தில் நின்றபடியே சட்டை போட்டுக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து, சாராள் வீட்டில் மீன்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது இரண்டு மதங்களும் மோதின.

"மாமா, இனிமே ஹாட்டெல்லாம் அவுட்டு" என்றான் மோசஸ். "டிரம்ம அவுத்து, கிரேன் வெச்சித் தூக்கி, லாரில ஏத்தி, நீ அத்த இட்லி மாதிரி அவிச்சிக் குடுக்கறதுக்குள்ள கிரஷர் ஓனருக்கு நரச்சிப் பூடுது. நம்முளுது கோல்டு. காலைல போனா சாய்ந்தரம் முடிஞ்சிது. புரொசீஜர்."

"கோல்டு" என்றார் கிருபாகரன், வாயில் முள் மாட்டினதுபோல. "இன்னா மச்சான், கவர்ல ஸ்டாம்பு ஒட்டற மாரி சொல்ற. பெல்ட்டு மேல எவ்ளோ ஜல்லி போவுது தெரியுமா? நீ ஒட்டுனது ஐப்பசி மழைக்கித் தாங்குமா?"

"தாங்கும் மாமா. ஜெர்மன்காரன் ஃபார்முலா."

"ஜெர்மன்காரன் மாமல்லபொரத்துக்கு வந்து மொட்ட வெயில்ல படுத்துக் கெடக்கறான். அவன் சொல்றத நீ கேக்கற."

சாராள் இருவர் தட்டிலும் ஒரே அளவு குழம்பை ஊற்றினாள். ஒருவர் தட்டில் ஒரு துண்டு கூடப் போனாலும் அது கட்சி சேர்ந்ததாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பேச்சு முற்றியது. குழம்பின் காரமோ, மச்சானின் அடையாள அட்டையோ, கிருபாகரன் எழுந்து நின்று, கையைக் கழுவுவதற்கு முன்பே சபதம் செய்துவிட்டார். "நா சுட்ட ரப்பர் உரிஞ்சிதுன்னு வெச்சிக்கோ, சட்டிய எடைக்கிப் போட்டுட்டு, ஒங்கூட வந்து கோந்து டப்பா தூக்கறேன்."

சொன்ன பிறகுதான் அந்தக் காட்சி அவர் கண்முன் வந்தது: கொதிக்கிற வெயிலில் மச்சான் ஏணிமேல் நின்றுகொண்டு, 'மாமா, அந்த பிரஷ்ஷ எடு' என்கிறான். கீழே கிருபாகரன். கையில் டப்பா. அதுவும் ஆறின டப்பா.

சபதத்தைக் காற்று கொண்டுபோய்விடும் என்று அவர் நம்பினார். கோபாலகிருஷ்ணன் விடவில்லை.

கோபாலகிருஷ்ணனுக்குத் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கிரஷர் இருந்தது. கடற்கரைச் சாலையை அகலமாக்கிக்கொண்டிருந்த காலம். எவ்வளவு உடைத்தாலும் ஜல்லி போதவில்லை. அவருக்குச் சூட்டிலும் நம்பிக்கை இல்லை, கோந்திலும் நம்பிக்கை இல்லை. போல்ட்டில்தான் நம்பிக்கை. கிழிந்த பழைய பெல்ட்டை வெட்டி டிரம்மின்மேல் வைத்து, துளைபோட்டு, போல்ட் வைத்து முறுக்கிவிடுவார். "நைனா, ஒட்டறது உரியும். முறுக்குனது உரியுமா?" முறுக்கினது உரியவில்லை. போல்ட்டின் தலைதான் மேலே எழும்பி, விலை உயர்ந்த புது பெல்ட்டைக் கீறிக் கீறித் தின்றது. பழைய பெல்ட்டை மிச்சம் பிடிக்கப் போய்ப் புதுப் பெல்ட்டைப் பறிகொடுக்கிற இந்தச் சிக்கனத்தை அவர் வெகுகாலம் கடைப்பிடித்தார்.

அதற்கு முடிவு கட்டியது வைஷாலி. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மகள் பொறியியல் படித்துவிட்டு, மற்றவர்களெல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்குப் பஸ் ஏறும்போது, தூசுக்கு நடுவே அவர் கிரஷரில் என்ஜினீயராக வந்து நின்றவள். சத்தமாகப் பேசமாட்டாள். எதையும் நம்பமாட்டாள்.

"சார், போல்ட் வேண்டாம்" என்றாள் கோபாலகிருஷ்ணனிடம். "ஒரே மாதிரி ரெண்டு கன்வேயர் இருக்கு. ஒரு டிரம்முக்குக் கிருபாகரன் சூடு வெச்சுப் போடட்டும். இன்னொண்ணுக்கு மோசஸ் ஒட்டட்டும். ரெண்டும் மழை முழுக்க ஓடட்டும். எது நிக்குதோ, வருஷம் பூரா அவருக்கே வேலை."

"ரெண்டும் நிக்கலன்னா?"

"அப்ப உங்க போல்ட்டே இருக்கட்டும் சார்."

கோபாலகிருஷ்ணன் அன்று முதல் இரண்டு ரப்பருக்கும் எதிராக உளமார வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்.

கிருபாகரனுக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பக்கத்துக் கிரஷர்கள் எல்லாம் கோபாலகிருஷ்ணனைப் பார்த்துத்தான் நடக்கும். இவர் கோந்துக்குப் போனால் எல்லாரும் கோந்துக்குப் போவார்கள். சட்டி காயலான் கடைக்குப் போகும். அப்புறம் டப்பாதான்.

சாராள் நிலைமை இன்னும் மோசம். கணவன் ஜெயிக்க ஜெபித்தால் தம்பி தோற்பான். தம்பி ஜெயிக்க ஜெபித்தால் கணவன் வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார். யோசித்துப் பார்த்து, மதுராந்தகத்து நற்செய்திக் கூட்டத்தில் வாங்கிவந்த ஜெப எண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள். இரண்டு சின்னப் புட்டியில் சமமாக ஊற்றினாள். ஒன்றைத் தம்பி கையிலும் இன்னொன்றைக் கணவன் கையிலும் கொடுத்து, "வேலைக்கி எறங்கறதுக்கு முன்னாடி வெச்சிக்கங்க. தேவன் யார் பக்கம்னு அவுரே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மாவரைக்கப் போனாள்.

கொட்டகையில் மணல் அடித்து முடித்து, டிரம் வெள்ளையாக, சுத்தமாக, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. கிருபாகரன் ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் புட்டியைத் திறந்தார். வழக்கமாக ஜெப எண்ணெயைச் சட்டியின் கதவில்தான் தொட்டு வைப்பார். ஆனால் இது சாதாரண வேலையா? சட்டியின் உயிர்ப் போராட்டம். கதவில் வைத்தால் ஆசீர்வாதம் கதவோடு நின்றுவிடாதா? ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் அல்லவா இறங்கவேண்டும்?

எண்ணெய் பட்டால் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். அவர்தானே ஊருக்கெல்லாம் சொன்னது. ஆனால் அவர் மனசாட்சி அந்த நேரத்தில் வக்கீலாகிவிட்டது: இது எண்ணெய் இல்லை, ஜெபம். எண்ணெய்தான் ஒட்டவிடாது. ஜெபம் ஒட்டவிடாது என்று எவனாவது சொல்லியிருக்கிறானா?

வெள்ளை இரும்பின்மேல் கட்டைவிரலால் நீளமாக ஒன்று, குறுக்காக ஒன்று, பெரிய சிலுவையாகப் போட்டார். கொஞ்சம் தாராளமாகவே போட்டார். மிச்சம் வைத்து என்ன செய்வது?

ஆட்கள் திரும்பி வந்தபோது, அவர்களில் ஒருவன் டிரம் பக்கத்தில் கையை ஆட்டிப் பேசினான். "தொட்டுடாதடா" என்று கிருபாகரன் கத்தினார்.

டிரம் வெந்தது. கடைசல் முடிந்து லாரியேறிப் போய் மாட்டப்பட்டது. கிரஷரில் அந்தக் கன்வேயர் அதுவரை சும்மா நின்றது. கோபாலகிருஷ்ணன் அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். மோசஸ் தன் டிரம்மைக் கழற்றாமலே, ஒரே நாளில், சாய்ந்தரக் கடற்காற்றை வாங்கிக்கொண்டு ஒட்டி முடித்து, கையைத் தட்டிவிட்டுப் போனான்.

புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழை இறங்கியது. ரோடெல்லாம் ஏரி, ஏரியெல்லாம் கடல். இரண்டு பெல்ட்டும் வழுக்காமல் ஓடின. ஜல்லி ஏறியது. கிருபாகரன் இரண்டு நாளுக்கு ஒருமுறை எதற்கோ அந்தப் பக்கம் போகிறவர்போல் கிரஷருக்குப் போய், தன் டிரம்மின் அருகே நின்று, பிள்ளை தூங்குகிறதா என்று பார்க்கும் தகப்பன்போலக் காதைக் கொடுப்பார்.

கார்த்திகையில் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டது.

தப்.

டிரம் ஒரு சுற்று சுற்றியது. தப். இன்னொரு சுற்று. தப்.

ரப்பருக்குள் எங்கோ உப்பியிருக்கிறது. உப்பின இடம் பெல்ட்டின் அடியில் போகும்போதெல்லாம் தட்டுகிறது. எந்த இடம் என்று பார்க்கக் கிருபாகரனுக்கு டிரம்மை நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை. கட்டைவிரல் சொன்னது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணிக்குக் கீழே நிற்கிற கிருபாகரன் கண்முன் வந்து நின்றார். அப்போதுதான் எதிர்க் கன்வேயரிலிருந்து இன்னொரு சத்தம் அவர் காதில் விழுந்தது.

தப்.

இவருடைய டிரம் ஜெபித்தால், மச்சானுடைய டிரம் ஆமென் சொன்னது.

வைஷாலி அடுத்த நாளே இருவரையும் வரச்சொன்னாள். இரண்டு கன்வேயரும் நின்றன. பெல்ட்டைத் தளர்த்திவிட்டார்கள். கோபாலகிருஷ்ணன் பழைய பெல்ட் துண்டு ஒன்றையும் கை நிறைய போல்ட்டையும் எடுத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றார், கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்தவர்போல.

கிருபாகரனின் டிரம்மில் ரப்பர் நீளமாக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு உப்பியிருந்தது. எல்லாரும் எதிர்க் கன்வேயருக்கு நடந்தார்கள். மோசஸின் டிரம்மில் நீளமாக ஒன்று, குறுக்காக ஒன்று.

மாமாவும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தவுடன் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. இருவரும் அவசரமாகக் கடல் இருக்கும் திசையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வைஷாலி கத்தியால் உப்பின இடத்தை அறுத்துத் திறந்தாள். உள்ளே இரும்பு ஒட்டு மருந்தே படாமல் பளபளவென்று சிரித்தது. அடுத்த டிரம்மிலும் அதே சிரிப்பு.

"மோசஸ், இது என்ன?"

மோசஸ் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டான். "மேடம், இது வந்து... லோடு பேட்டர்ன் மேடம். சென்டர்ல ஸ்ட்ரெஸ் ஜாஸ்தியாவும்போது இந்த மாரி பிளஸ் ஷேப்ல வரும்னு பூனால சொல்லிக் குடுத்தாங்கோ."

"சூடு வெச்சதுலயும் அதே பிளஸ்ஸா?"

"ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஹாட்டு கோல்டு தெரியாதில்ல மேடம்" என்றான் மோசஸ்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கிருபாகரன் மச்சான் சொன்னதை ஆமோதித்துத் தலையாட்டினார். "தெரியாது மேடம்."

வைஷாலி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உண்மையான காரணம் தெரியலன்னா ரெண்டு முறையுமே ஃபெயில்னுதான் எழுதணும்."

"எழுதும்மா, எழுது" என்றார் கோபாலகிருஷ்ணன், போல்ட்டுகளைக் கிலுக்கிக்கொண்டே.

கிருபாகரன் வாயைத் திறந்தால், தொட்ட கையை ஒடிப்பேன் என்று இத்தனை வருஷம் கத்தினவன் தன் கையாலேயே எண்ணெய் பூசினான் என்று ஊர் சிரிக்கும். திறக்காவிட்டால் சட்டி போயிற்று. மச்சானின் டப்பாவும் போயிற்று. தூக்கக்கூட டப்பா மிஞ்சாது. "மேடம்" என்று ஆரம்பித்து, இருமினார். மறுபடி "மேடம்" என்றார். மறுபடி இருமினார்.

இந்த நேரத்தில்தான் கையில் சாப்பாட்டுக் கேரியரோடு சாராள் வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் அடித்துக்கொண்டால் விலக்கிவிட ஆள் வேண்டுமே என்று பஸ் பிடித்து வந்தவள். வந்தவள் நேராக டிரம்மின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள்.

"இன்னாது, சிலுவ மாரி கீது?"



அடுத்த டிரம்மையும் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். வீட்டில் 'யோவ்', வெளியில் 'ஏங்க' என்பது அவள் வழக்கம். அன்றைக்கு வெளியில் இருக்கிறோம் என்பது மறந்துபோயிற்று.

"யோவ். நா குடுத்த ஜெப எண்ணெய எங்க வெச்ச?"

கிருபாகரன் டிரம்மைப் பார்த்தார்.

"டேய் மோசே, நீ?"

"அக்கா, புரொசீஜர்ல ஜெப எண்ணெ வெக்கக் கூடாதுன்னு எங்கியும் போடல அக்கா."

சாராள் கேரியரைக் கீழே வைத்தாள். "நெத்தியில வெச்சிக்கினு வேலைக்கி எறங்குவீங்கன்னு குடுத்தேன். புத்தி வரும்னு குடுத்தேன். இரும்புல பூசச் சொன்னது யாரு? இரும்புக்கா புத்தி கெட்டுப் போச்சி?"

வைஷாலி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு காது வரைக்கும் சிவப்பாகத் தெரிந்தது.

"நைனா" என்றார் கோபாலகிருஷ்ணன் மெதுவாக, "போல்ட்டுல எண்ணெ உட்டா இன்னும் நல்லா எறங்கும்."

வைஷாலி அவரைக் கவனிக்காமல், இரண்டு டிரம்மிலும் சிலுவைக்கு வெளியே ரப்பரை ஒரு விரல் அகலத்துக்கு அறுத்து, நுனியில் கொக்கி மாட்டித் தராசு வைத்து இழுக்கச் சொன்னாள். சுட்ட ரப்பர் வரமாட்டேன் என்றது. கடைசியில் ரப்பர்தான் கிழிந்தது; ஒட்டு விடவில்லை. கிருபாகரனின் நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வந்தது. ஒட்டின ரப்பரும் நடுவில் அதே மாதிரி பிடிவாதம் பிடித்தது. ஆனால் கடல் பக்கத்து ஓரத்தில் லேசாக நகத்தை விட்டதும் எழும்பியது.

"இதை எப்ப ஒட்டினீங்க?"

"சாய்ந்தரம் மேடம். காத்து ஜிலுஜிலுன்னு..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

"கடல்காத்துல ஈரம். கோந்து காயும்போது அதுமேல வேர்த்திருக்கும். காலையில ஒட்டியிருந்தா இது வந்திருக்காது. பூனாவுல கடல் கிடையாது, இல்ல?"

"இல்ல மேடம்."

கிருபாகரன் சிரித்தேவிட்டார். வைஷாலி அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க டிரம் பிரமாதம். ஆனா அது வந்து சேர்ற வரைக்கும் என் பெல்ட் சும்மா நின்னுச்சு. மேல இருக்கற டிரம்மைக் கழட்டலாம், மாத்து டிரம் ஒண்ணு வெச்சுக்கலாம். பாறைக்கு அடியில சிக்கியிருக்கற டிரம்மெல்லாம்? சட்டியை இங்க தூக்கிட்டு வருவீங்களா?"

அவர் சிரிப்பு ஆறிப்போயிற்று. ஆறின சிரிப்பை அவர் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

"ரெண்டும் பிடிக்குது" என்றாள் வைஷாலி. "ரெண்டு பேரும்தான் பிடிக்கவிடல. தலைமாட்டு டிரம்மெல்லாம் சூடு வெச்சு. கழட்ட முடியாததெல்லாம் கோந்து, காலையில மட்டும். இந்த ரெண்டையும் முதல்லேருந்து திரும்பப் போடுங்க."

சட்டி பிழைத்தது. கிருபாகரன் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் சாராள் குறுக்கே வந்தாள்.

"சபதம் இன்னா ஆச்சி? ஒன் ரப்பர் உரிஞ்சா டப்பா தூக்கறேன்னியே."

"அவுனுதும்தான் உரிஞ்சிது."

"அப்ப அவனும் தூக்கட்டும். அவன் ஒட்டறப்ப நீ டப்பாவப் புடி. நீ கட்டறப்ப அவன் நாடாவ இயுக்கட்டும். ரெண்டு பேரும் தனித்தனியா வேல செஞ்ச அழகத்தான் பாத்துட்டமே."

"அவங்க சொல்றது சரி" என்றாள் வைஷாலி. "மருந்து பூசறதுக்கு முன்னாடி அவங்களே இரும்பைப் பாத்துட்டு சரின்னு சொல்லட்டும்." இதைக் கேட்டு மோசஸ் புரொசீஜரில் இதற்கு இடமுண்டா என்று யோசித்தான். இடம் இல்லை. ஆனால் ஜெப எண்ணெய்க்கும் இடம் இல்லாமல்தானே இருந்தது.

கிருபாகரன் பயந்த காட்சி அப்படியே நடந்தது. மறு வாரம், வெயில் ஏறுவதற்கு முன்னால், மோசஸ் ஏணிமேல் நின்று "மாமா, அந்த பிரஷ்ஷ எடு" என்றான். அவர் எடுத்துக் கொடுத்தார். டப்பா ஆறித்தான் இருந்தது. கை ஒன்றும் அழுகிப்போகவில்லை. எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று மோசஸ் விரலின் பின்பக்கத்தால் கோந்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கீழிருந்து கவனித்தார். இட்லி வெந்துவிட்டதா என்று சாராள் பார்க்கிற மாதிரியே இருந்தது. அதை மச்சானிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் அடையாள அட்டை இன்னும் ஓர் அங்குலம் கீழே தொங்கும்.

அப்புறம் கொட்டகையில் அவர் முறை. பழைய ரப்பரை உளியால் செதுக்கி எடுத்து, மணல் அடித்து, டிரம் மறுபடி வெள்ளையாக நின்றது. வாசலில் முக்காலி போட்டு சாராள் உட்கார்ந்திருந்தாள், மடியில் கீரை. மோசஸ் நாடாச் சுருளோடு நின்றான். இந்தமுறை இருவர் நெற்றியும் பளபளத்தன. எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. சாராள் டிரம்மைச் சுற்றிவந்து பார்த்து, "சரி" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

பாய்லர் எரிகிற கொட்டகை, மேலே தகரம். மருந்து பூசுவதற்கு முன்னால் தூசியைத் துடைக்க, கிருபாகரன் சுத்தமான துணியை எடுத்துக்கொண்டு டிரம்மின்மேல் குனிந்தார். நெற்றியில் வேர்வை கிளம்பியது. ஜெப எண்ணெயையும் கூட்டிக்கொண்டு புருவத்தைத் தாண்டி மூக்கின் நுனிக்கு வந்து, சொட்டாகத் தொங்கியது.

இந்தமுறை கிருபாகரன் உஷாராக இருந்தார். சொட்டு விழுவதற்குள் சட்டென்று நிமிர்ந்து, கையிலிருந்த துணியால் நெற்றியையும் மூக்கையும் அழுத்தித் துடைத்தார். தப்பித்தோம் என்ற நிம்மதியோடு அதே துணியை டிரம்முக்குக் கொண்டுபோனார்.

"யோவ்" என்றாள் சாராள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். "அந்தத் துணியக் கீழ போடு."

போட்டார். மோசஸுக்கும் வேர்த்திருந்தது; அதைக் குனிந்து எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உதவி செய்கிறவன்போல டிரம்மின் பக்கம் கையை நீட்டினான்.

"டேய். நீயுந்தான்."